புத்தகத்தை மூடிவைத்துச் சொல்: திண்ணைப் பள்ளிக்கூடத்தின் கதை



தேர்வுக் காலம் வந்துவிட்டால் உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "பையன் நாலு தடவை வாசிச்சான். எல்லாம் தெரியும்னு சொன்னான். மறுநாள் கேட்டா ஒண்ணும் வரலை. என்ன செய்யறது?" போனில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. இதற்குப் பின்னால் முந்நூறு வருடத்துக் கதை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பகுதி நம் காரைக்காலுக்குப் பக்கத்திலேயே நடந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் எங்களுக்குப் பெஸ்டலோசி, ஃப்ரோபெல், மாண்டிசோரி என்று பெயர்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். பெரிய மனிதர்கள், சந்தேகமில்லை. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்தது சில வரிகள்தான். பொருள் புரியாத மனப்பாடம், பிரம்படி, அவ்வளவே. இரண்டும் உண்மைதான். ஆனால் அந்தச் சில வரிகளில் அடங்காத ஒன்றும் அங்கே இருந்தது. இன்றைக்கு நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் சோதனை செய்து கண்டுபிடித்துச் சொல்வதற்கு மிக நெருக்கமான பழக்கம் அது.

தரங்கம்பாடி மணலில்

கோட்டுச்சேரி, பூவம் வழியாக வடக்கே போனால் பொறையாறு, அதைத் தாண்டித் தரங்கம்பாடி. 1706 ஜூலையில் டென்மார்க் அரசர் அனுப்பிய சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானியப் பாதிரியார்கள் அங்கே வந்து இறங்கினார்கள். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739-இல். அதற்கும் முப்பத்து மூன்று வருடம் முந்திய சங்கதி இது.

தமிழ் படிக்க வேண்டும், எப்படிப் படிப்பது? வயதான ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தங்கள் வீட்டிலேயே வந்து பள்ளி நடத்தச் சொன்னார்கள். பிள்ளைகளோடு பிள்ளைகளாகத் தரையில் உட்கார்ந்து, வாயால் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதினார்கள். சீகன்பால்கு பின்னாளில் தமிழில் புத்தகங்கள் எழுதி அச்சிட்ட கதை உங்களுக்குத் தெரியும். அவருடைய ஆரம்பம் அந்த மணல்தான்.

திண்ணைப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவு கிடையாது. ஊரில் ஒருவர் வீட்டுத் திண்ணை, இல்லாவிட்டால் கோயில் மண்டபம் அல்லது மரத்தடி. ஒரே வாத்தியார். ஒரு பிள்ளை மணலில் எழுத்தெழுதும், இன்னொன்று ஆத்திசூடி சொல்லும், பெரிய பிள்ளை ஓலையில் கணக்கு எழுதும். மணலில் விரல், பிறகு ஓலையில் எழுத்தாணி. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, நிகண்டு என்று படிப்பு போகும். கூடவே எண்சுவடி.

எண்சுவடியை வெறும் பெருக்கல் வாய்ப்பாடு என்று நினைக்க வேண்டாம். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. காணி என்றால் 80-இல் ஒரு பங்கு. மா என்றால் 20-இல் ஒரு பங்கு. இத்தனை சின்னப் பின்னங்களை ஒரு பத்து வயதுப் பையன் மனக்கணக்காகப் போட்டான். பொன்னுக்குப் பொன்னிலக்கம், நெல்லுக்கு நெல்லிலக்கம், நிலத்துக்குக் குழிமாற்று. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்பது நெடுங்காடு, திருநள்ளாறு பக்கத்து விவசாயக் குடும்பங்களில் இன்றும் பேச்சில் இருக்கிறதே, அந்தக் கணக்குதான்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு இந்தச் சுவடிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 2022-இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். திண்ணைப் பள்ளியில் நினைவில் வைப்பது என்பது கற்கும் முறையாகவே இருந்தது என்கிறார் அவர். கேட்டு, சொல்லி, எழுதி, திரும்பச் சொல்லி ஒரு பிள்ளை எண்ணைப் பழகியது. களத்துமேட்டிலும் கடையிலும் மறுநாளே அந்தக் கணக்குக்கு வேலை இருந்தது.

உ.வே.சா. சொன்ன வீட்டுப்பாடம்

நம் டெல்டாக்காரரான உ.வே.சாமிநாதையர் 1855-இல் பிறந்தவர், கும்பகோணம் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரர். 'என் சரித்திரம்' புத்தகத்தில் தான் படித்த திண்ணைப் பள்ளியை விவரித்திருக்கிறார். விடியற்காலையிலேயே பிள்ளைகள் வந்துவிட வேண்டும். முதல் நாள் பாடத்தை ஒப்பிக்க வேண்டும். வாத்தியாருக்கு உதவியாக மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருப்பான்.

இவையெல்லாம் பலருக்குத் தெரிந்ததுதான். அவர் சொல்லும் இன்னொரு சிறு வழக்கம்தான் என்னை நிறுத்திவைத்தது. மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது வாத்தியார் ஒவ்வொரு பிள்ளையிடமும் பூ, மிருகம், ஊர் என்று சில பெயர்களைச் சொல்லி அனுப்புவார். எழுதிக்கொள்ள எதுவும் கிடையாது. ராத்திரி முழுக்க மனதில் வைத்திருந்து, மறுநாள் காலையில் மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். ஞாபகசக்திக்கு அது பயிற்சி.

இந்தச் சின்ன விளையாட்டில் மூன்று விஷயம் இருக்கிறது. பார்க்காமல் சொல்வது ஒன்று. நடுவில் ஒரு ராத்திரி இடைவெளி விடுவது இரண்டு. தினமும் செய்வது மூன்று. இந்த மூன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

1789-இல் சென்னை எழும்பூரில் ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. அதன் பொறுப்பை ஏற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல். ஒரு நாள் அவர் குதிரையில் போகும்போது நம் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. உடனே பெல் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடு என்றார். பெரியவர்கள் முடியாது என்றதை அந்தப் பையன் செய்துகாட்டினான்.

பெல் 1796-இல் ஊர் திரும்பி, 1797-இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். மாணவனே மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த ஏற்பாடு 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. பெல்லின் சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரில் ஒரு பள்ளி இன்றும் நடக்கிறது.

மணல் யோசனை தமிழ்ப் பிள்ளைகளிடமிருந்து வந்தது என்று பெல்லே எழுதியிருக்கிறார். மாணவன் கற்பிக்கும் முறை மட்டும் தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்பது அவர் கட்சி. ஆனால் பெல்லாரி கலெக்டராக இருந்த கேம்ப்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கையில் வேறு மாதிரி சொல்கிறார். முன்னேறிய மாணவன் பின்தங்கியவனுக்குச் சொல்லிக்கொடுப்பதும், அதனால் சொல்லிக்கொடுக்கிறவனின் அறிவே உறுதிப்படுவதும் இந்நாட்டுப் பள்ளிகளில் உள்ள பாராட்டத்தக்க முறை, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்பது அவர் கருத்து.

சொல்லிக்கொடுக்கிறவனின் அறிவே உறுதிப்படுகிறது என்ற அந்த வார்த்தையைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் அது கைநழுவிப் போயிற்று. ஒரு பெரிய கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒரே ஆசிரியர், குறைந்த செலவு என்று மெட்ராஸ் முறை கவாத்துப் பயிற்சி மாதிரி ஆகிவிட்டது. திண்ணையில் வாத்தியாருக்கு ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று தெரியும். கப்பலில் ஏறி அக்கரை சேர்ந்தது அதன் வெளித்தோற்றம்தான்.

ஆய்வுக்கூடம் சொன்னது

1885-இல் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் மறதியை அளந்து பார்த்து ஒரு நூல் வெளியிட்டார். பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று குறித்துவைத்தார். படித்த முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம் கொட்டிப்போகிறது, பிறகு மெதுவாகக் குறைகிறது என்று தெரிந்தது. ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படித்தால் அதிகம் நிற்கும் என்றும் அவர் காட்டினார்.

1939-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஸ்பிட்சர் என்பவர் 3,605 ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்தார். படித்த உடனேயே ஒரு சின்னப் பரீட்சை வைத்தால், அந்தப் பாடம் பல வாரம் கழித்தும் கூடுதலாக நினைவில் இருந்தது.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் செய்த சோதனை நம் கேள்விக்கு நேரடியான பதில். ஒரு பத்தியைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஒரு முறையில் மாணவர்கள் இரண்டு தடவை வாசித்தார்கள். இன்னொரு முறையில் ஒரு தடவை வாசித்து, தாளை எடுத்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு தடவை வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள், 81 சதவீதம். மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். வாசித்து வாசித்துப் படித்தவர்கள் 42 சதவீதம், பார்க்காமல் எழுதியவர்கள் 56.

உங்கள் பையன் "எல்லாம் தெரியும்" என்று சொன்னது பொய் இல்லை. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன. பழகியதைத் தெரிந்தது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. தெருவில் தினமும் பார்க்கிற முகம்தான், பெயர் என்ன என்று கேட்டால் வராது, அது மாதிரி.

மூளையில் நடப்பதை வயல் வரப்பை வைத்துச் சொல்லலாம். வரப்பில் நாலு பேர் நடந்தால் ஒற்றையடிப் பாதை விழும். நடக்காவிட்டால் புல் மூடிவிடும். ஒரு விஷயத்தைத் தேடி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் மூளை நரம்புகளுக்கு இடையே உள்ள தொடர்பு பலப்படுகிறது. புத்தகத்தைப் பார்த்து வாசிப்பது கரையில் நின்று வரப்பைப் பார்ப்பது போலத்தான். இடைவெளியும் அப்படியே. நாற்றுக்கு ஒரு மாதத்துத் தண்ணீரை ஒரே நாளில் கட்டினால் அழுகிவிடும், முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும். பகலில் படித்ததை மூளை தூக்கத்தில் நிலைப்படுத்துகிறது என்பதும் இன்று தெளிவாகியிருக்கிறது. அந்தப் பூ, மிருகம், ஊர்ப் பெயரை ராத்திரி தாண்டிக் கேட்ட வாத்தியாருக்கு ஆய்வுக்கூடம் இல்லை. அனுபவம் இருந்தது.

மணலுக்கும் ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. 2012-இல் காரின் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வை வெளியிட்டார். எழுத்துகளைச் சுயமாகக் கையால் எழுதியும், கோட்டின் மேல் எழுதியும், தட்டச்சு செய்தும் அவர்கள் பழகினார்கள். பிறகு அதே எழுத்துகளைக் காட்டி மூளையைப் படமெடுத்துப் பார்த்தார். கையால் சுயமாக எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான் வாசிப்புக்கு உரிய பகுதிகள் நன்றாக வேலை செய்தன. கைப்பேசியில் எழுத்துப் படிக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

எதை விட வேண்டும்

இதற்காகத் திண்ணைப் பள்ளியைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். சென்னை கவர்னர் மன்றோ 1822-இல் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. அதில் பெண் பிள்ளைகள் வெறும் 4,540. பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் காரைக்கால் அந்தக் கணக்கில் இல்லை. இருந்திருந்தால் இங்கே நிலைமை பெரிதாக மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே இல்லை. என்னிடம் படித்தவர்களில் பாதிப்பேர் அந்தத் திண்ணையில் ஏறியிருக்க முடியாது. இதை மறந்துவிட்டுப் பழம்பெருமை பேசினால் அது வரலாறு ஆகாது.

அடியும் அப்படித்தான். தாமதமாக வந்தால் வந்த வரிசைப்படி அடி கூடும். பயந்த பிள்ளைக்குத் தெரிந்ததும் வாயில் வராது. பதற்றத்தில் சுரக்கும் கார்ட்டிசால் நினைவை எடுப்பதைத் தடுக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஒப்பிக்கச் சொன்னது சரி. பிரம்பைக் காட்டி ஒப்பிக்கச் சொன்னதுதான் கெடுதல்.

பிறகு அச்சுப் புத்தகம், கரும்பலகை, ஆண்டுத் தேர்வு எல்லாம் வந்தன. நம் ஊரில் பிரெஞ்சுப் பள்ளிகளும் இருந்தன. 1954-க்கு முன் அங்கே படித்த பெரியவர்களுக்கு டிக்தே என்ற சொல் மறந்திருக்காது. எல்லாருக்கும் பள்ளிக் கதவு திறந்தது பெரிய நன்மை, அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் தினமும் சொல்லிப் பார்ப்பது போய், வருடக் கடைசியில் ஒரேயடியாக எழுதுவது என்று ஆயிற்று. 'மனப்பாடம் கெட்டது' என்று சொல்லிச் சொல்லி, நினைவிலிருந்து எடுக்கும் பழக்கத்தையும் சேர்த்து விட்டுவிட்டோம். மிச்சம் இருப்பது தேர்வுக்கு முந்தைய ராத்திரி கோனார் உரையை நாலு தடவை வாசிப்பது.

வீட்டிலும் வகுப்பிலும் செய்ய வேண்டியது

உங்களில் சிலர் இப்போது ஆசிரியர்கள், பலர் பெற்றோர். எல்லாருக்கும் பொதுவாகச் சில வழிகள்:

1. ஒரு பக்கம் வாசித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். நினைவில் இருப்பதைச் சொல்லட்டும் அல்லது எழுதட்டும். திக்கினால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்தத் திக்கலில்தான் வேலை நடக்கிறது.

2. சொன்ன பிறகு புத்தகத்தைத் திறந்து சரிபார்க்கச் சொல்லுங்கள். இதை விட்டால் தப்பும் சேர்ந்து மனதில் உட்கார்ந்துவிடும்.

3. என் வகுப்பில் பாடம் ஆரம்பிக்கும் முன் மூன்று கேள்வி கேட்பேனே, நேற்றையது ஒன்று, போன வாரத்தது ஒன்று, போன மாதத்தது ஒன்று. மார்க் கிடையாது, திட்டு கிடையாது. வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிடத்தில் இதைச் செய்யலாம்.

4. அண்ணன் தம்பிக்கும், அக்கா பாட்டிக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கட்டும். பாட்டி கேட்கும் "ஏன்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தால் பிள்ளைக்குப் பாடம் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

5. சின்னக் குழந்தைக்கு ஒரு தாம்பாளத்தில் மணலோ ரவையோ பரப்பிக் கொடுங்கள். எழுத்தைக் காட்டி, மறைத்து, சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் சொல்லுங்கள். புள்ளிக்கோட்டின் மேல் எழுதுவதோடு நிறுத்திவிட வேண்டாம்.

6. பொருளோடு கேளுங்கள். பரப்பளவுச் சூத்திரம் தெரிந்த பிள்ளையை வாசலையோ கொல்லையையோ அளந்து எத்தனை குழி என்று கேளுங்கள். சூத்திரம் அப்போதுதான் அதற்குச் சொந்தமாகும்.

நடுமூளையை விழிக்க வைக்கிறோம், கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறோம் என்று சொல்லிப் பணம் வாங்கும் வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. மேலே சொன்ன ஆறுக்கும் செலவு ஒரு தாம்பாளம் ரவை.

இப்போது நம் ஊர் அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறியிருக்கின்றன. புத்தகம் புதிது, பல பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் சிரமமாக இருக்கிறது. வீட்டில் டியூஷனுக்கு வசதி இல்லாத பிள்ளைதான் இதில் முதலில் பின்தங்கும். அந்தப் பிள்ளைக்கு நாம் செலவில்லாமல் கொடுக்கக்கூடிய உதவி, புத்தகத்தை மூடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுதான். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் இதைச் செய்யலாம். புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னால் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நிரவி, திருப்பட்டினம், கோட்டுச்சேரி, எந்தப் பக்கமானாலும் சரி, உங்கள் தாத்தா பாட்டி திண்ணைப் பள்ளியைப் பற்றியோ பழைய பிரெஞ்சுப் பள்ளியைப் பற்றியோ சொன்ன ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். பரணில் எண்சுவடி ஏடு எதுவும் கிடந்தால் ஆற்றில் விட்டுவிடாதீர்கள், எனக்குச் சொல்லுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் மூன்று கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்றும் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன், பதிலும் போடுவேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்
காரைக்கால்